அக்காவின் படகுக்கு நான் போட்ட கையெழுத்து

எங்கள் கம்பெனி செய்த பந்தய விளையாட்டில் கார் போய் எதன்மேல் மோதினாலும் ஏன் நசுங்குவதில்லை என்று கேட்காத ஆளே கிடையாது. கல்யாண வீட்டில் கேட்பார்கள். ரயிலில் கேட்பார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில், என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு டாக்டர் கேட்டார். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, கேக் வெட்டி முடித்ததும், என் நாற்காலிக்கு வந்திருக்கும் கார்த்திகாவும் அதைத்தான் கேட்டாள். "சார், உங்க வேலையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்றாள். நாலு பக்கம் ஜம்பமாக எழுதிவிடலாம் என்று தலையாட்டினேன். போன மாதம் அக்கா வீட்டில் நடந்ததற்குப் பிறகு ஜம்பமாக எழுதக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன், கார்த்திகா. போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

எனக்குச் சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். நைனா ஏரியிலும் கடலிலும் மீன்பிடித் தொழில் செய்தவர். எனக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்புப் படித்துவிட்டு, எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லாரிக் கதவு வரைந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் அதே கதவைக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். அப்புறம் சென்னையில் வீடியோ கேம் செய்யும் ஒரு கம்பெனி, வண்டி வரையத் தெரிந்த ஆள் வேண்டும் என்றது. சேர்ந்தேன். சில வருஷம் போனதும், கார் வரைகிற வேலையிலிருந்து, வரைந்த காருக்கு அனுமதி வாங்குகிற வேலைக்கு மாற்றினார்கள். வரைகிற பையன்கள் என்னைவிட வேகமாக வரைந்தார்கள் என்பதுதான் காரணம். அதை அப்போது பதவி உயர்வு என்று ஊரில் சொல்லிக்கொண்டேன்.

விளையாட்டில் ஒரு காரை அதன் சொந்தப் பெயரோடு காட்ட வேண்டும் என்றால், அந்தக் காரைச் செய்கிறவர்கள் சம்மதிக்க வேண்டும். சம்மதம் நிபந்தனைகளோடுதான் வரும். கார் கவிழக் கூடாது. கூரை அமுங்கக் கூடாது. மனிதர்மேல் ஏறக் கூடாது, ஆடு மாட்டின்மேலும் கூடாது. திருடன் ஓட்டக் கூடாது, போலீஸ் துரத்தக் கூடாது. பம்பரில் கீறல் விழலாம் என்று ஒரு கம்பெனி விட்டுக்கொடுக்கும். இன்னொன்று தூசிகூடப் படியக் கூடாது என்று நிற்கும். சேறு சக்கரத்தில் இருக்கலாம், முகப்புச் சின்னத்தில் இருக்கக் கூடாது என்று ஒரு முறை பதில் வந்தது. நிற்கிற காரின்மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்த படத்தைத் திருப்பி அனுப்பி, பறவையை அகற்றவும் என்று எழுதியிருந்தார்கள். அகற்றினோம். அடுத்த பதிலில், பறவையின் நிழலையும் அகற்றவும் என்று இருந்தது.

ஒவ்வொரு காரையும் இத்தனை கோணத்தில், இந்த வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அனுப்பினால் சில வாரம் கழித்து, சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பி வரும். திருத்தி மறுபடி அனுப்புவோம். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. தேதி முடிந்தால் காரை விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டு, எங்கள் சேமிப்பிலிருந்தும் அழித்துவிட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அழிப்புக் கடிதத்தின் படிவத்தை எழுதியவன் நான். கம்ப்யூட்டரில் செய்த மாதிரி, அதன் பழைய வடிவங்கள், அதைச் செய்ய எடுத்த போட்டோக்கள், காப்புப் பிரதிகள் என்று ஒன்று விடாமல் அதில் சேர்த்திருந்தேன். இவ்வளவு ஒழுங்கான படிவத்தை நாங்கள் பார்த்ததில்லை என்று ஒரு கார் கம்பெனி பாராட்டி எழுதியது. அந்த மெயிலை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பத்மினி மேடம், எங்கள் பிரிவின் தலைவர். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர். எல்லாரும் திரையில் பார்க்கிற படத்தை அவர் அச்சடித்துத்தான் பார்ப்பார். ஒரு கெட்டி அட்டையின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி வைத்திருந்தார். அட்டையைப் படத்தின்மேல் வைத்து, இடது கீழ் மூலையிலிருந்து மெதுவாக நகர்த்துவார். சதுரத்துக்குள் தெரிகிறது மட்டும்தான் அவருக்கு அப்போது உலகம். காரை முழுசாகப் பார்த்தால் கண் அதன் அழகிலேயே நின்றுவிடும், பின்னால் இருக்கிற டீக்கடை போர்டைப் பார்க்காது என்பார். கூடாது, முடியாது என்றெல்லாம் சொல்ல மாட்டார். பென்சில் முனையை ஓர் இடத்தில் வைத்து, "இது யாருது?" என்று மட்டும் கேட்பார். பதில் தெரியவில்லை என்றால் அந்தப் பொருள் படத்தில் இருக்காது. டீக்கடை போர்டு போகும், சோடா விளம்பரம் போகும், சுவரில் எவனோ எழுதிய கட்சிப் பெயர் போகும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அந்த இரண்டு வார்த்தைக்கே எங்களுக்கு வியர்க்கும்.

இனிதான் விஷயம். புதிய விளையாட்டுக்குக் கடலோரத்தில் ஒரு பாதை வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எங்கள் ஊர் ஏரிக்கரையைக் காட்டுகிறேன் என்று நான்தான் முந்திக்கொண்டேன். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல் சாலை. பூநாரைக் கூட்டம் வேறு. ஆபீசில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் பிடிக்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

கரையில் என் அக்கா எல்லம்மாவின் படகு கிடந்தது. பழைய மரப் படகு. நீல வண்ணம், மேலே மஞ்சள் பட்டை. அக்கா வீட்டுக்காரர் கன்னியப்பன் மஞ்சள் காமாலையில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் கிடையாது, ஒரே மகள் செல்வி ஆரம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். படகை யாருக்கும் கொடுக்க அக்காவுக்கு மனசில்லை. அதன் பக்கவாட்டில் 'எல்லம்மா துணை' என்று கன்னியப்பன் தன் கையாலேயே எழுதியிருந்தார். பெண்டாட்டி பெயரைப் படகில் எழுதினவன் என்று ஊரே கிண்டல் செய்தது. "சாமி பேருதாம்பா எழுதிக்கிறேன்" என்று கடைசிவரை சாதித்தார். பள்ளிக்கூடம் போகாத மனுஷன். பலகையில் யாரையோ எழுதிக் காட்டச் சொல்லி, பார்த்துப் பார்த்து எழுதியது. அவர் கையெழுத்து என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

"இன்னாத்துக்குடா இத்தினி பேரு?" என்றாள் அக்கா.

"ஆபீஸ் வேலைக்கா. படகப் போட்டோ எடுக்கணும்."

"நம்ம படகயா? இரு, இரு. இப்டியேவா எடுப்பாங்க?"

ஓடிப்போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து படகைக் கழுவினாள். முனையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். தலையை ஒதுக்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள். எங்கள் பக்கம் செருப்புக் காலோடு படகில் ஏற மாட்டோம். "ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்கப்பா" என்று கூட வந்தவர்களை நான் அதட்டினேன். எனக்கு அந்த மரியாதை போதும் என்று இருந்தது. அக்கா நண்டுக் குழம்பு வைத்தாள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். எதற்குப் போட்டோ, அது எங்கே போகிறது என்று அவளும் மேலே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏரிப் பாதை தயாராகி, படங்கள் பத்மினி மேடத்தின் மேசைக்குப் போயின. அட்டை நகர்ந்தது. படகின்மேல் வந்து நின்றது.

"இது யாருது?"

"எங்க அக்காது மேடம்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"எங்க வீட்டுதுதான் மேடம்."

பென்சிலைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுதா, உங்க அக்காதா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஏரியில் இறால் வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்த வீட்டுக்கு எந்தப் பாடு, எந்த நாள் என்று ஊர்க் கூட்டத்தில் சீட்டுப் போட்டு முடிவாகும். பெயரைக் கூப்பிட்டதும் அந்த வீட்டு ஆம்பிளை எழுந்து பதில் சொல்ல வேண்டும். பொம்பளைகள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். கன்னியப்பன் போன பிறகு, கூட்டம் என்றால் நான் சென்னையிலிருந்து போய் உட்காருவேன். "எல்லம்மா வூட்டுக்கு நான் சொல்றேன்" என்று எழுந்திருப்பேன். என்ன முடிவானது என்பதை அப்புறமாகப் போய் அவளிடம் சொல்வேன். அவளும் சரி என்பாள். அவளுக்காக நான் வாய் திறப்பது எனக்கு அப்படிப் பழகிப்போயிருந்தது. அதே வாயோடுதான் அன்றைக்கு மேடம் முன்னால் நின்றேன்.

மேடம் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, "அப்போ எழுதிக் குடுங்க" என்றார். எல்லாப் பொருளுக்கும் நாங்கள் நிரப்புகிற அனுமதித் தாள்தான். உரிமையாளர் அல்லது அவர் சார்பில் என்ற இடத்தில் கஜேந்திரன் என்று கையெழுத்துப் போட்டேன். நிபந்தனைகள் என்ற இடத்தில் 'இல்லை'. கால வரம்பு என்ற இடத்திலும் 'இல்லை'. காக்காவின் நிழல்வரைக்கும் நிபந்தனை படித்துப் பழகியவன், அக்காவின் படகுக்கு இரண்டு தடவை இல்லை என்று எழுதினேன். எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பாதையை விளையாடிப் பார்த்தவர்கள், மோதினால் ஒன்றுமே ஆகவில்லை, சப்பென்று இருக்கிறது என்றார்கள். கார் நசுங்கக் கூடாது என்று ஒப்பந்தம். என்ன செய்வது? பாதை வடிவமைத்த ஜோயல் என்கிற பையன்தான் வழி சொன்னான். "சார், கார் உடையக் கூடாதுன்னா எதிர்ல இருக்கறது உடையட்டும்." நல்ல யோசனை என்று அவன் முதுகில் தட்டியவர்களில் நானும் ஒருவன். பூநாரையை உடைக்க முடியாது, உயிர்ப் பிராணிக்குக் கார் கம்பெனி நிபந்தனை வைத்திருந்தது. கார் கிட்டே வந்தால் அவை எழுந்து பறந்துவிடும். மீன் பெட்டிகள் உடைந்தன, மூங்கில் கழிகள் உடைந்தன, படகு உடைந்தது. படகு உடைவதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அந்த மோதலை வீடியோவாகக் கார் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். சரிபார்ப்பது என் வேலை. இரண்டே நொடி. அதை ஒவ்வொரு படமாக நிறுத்தி, எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பார்த்ததெல்லாம் காரின் முகப்பை. கீறல் விழுகிறதா, விளக்கு அணைகிறதா, சின்னம் தெரிகிறதா. ஓர் இடத்தில் பிய்ந்து பறக்கிற பலகை ஒன்று சின்னத்தை மறைத்தது. 'பலகை சின்னத்தின் குறுக்கே வருகிறது. இடது பக்கமாகப் பறக்க வேண்டும்' என்று குறிப்பு எழுதினேன். திருத்திக் கொடுத்தார்கள். அந்தப் பலகையில்தான் 'எல்லம்மா துணை' என்று இருந்தது. அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் இடது பக்கம் என்று எழுதினேன். இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

கார் கம்பெனி ஒரே தடவையில் சம்மதித்தது. காரின் உறுதி நன்றாகத் தெரிகிறது என்று நன்றி வேறு எழுதியிருந்தது.

விளையாட்டு வெளிவந்து சில வாரம் கழித்து ஊருக்குப் போனேன். செல்வி வந்திருந்தாள். "மாமா, அம்மா படகு கேம்ல வருதே, நீ சொல்லவே இல்லியே?" என்று போனை நீட்டினாள். என் எதிரிலேயே ஓட்டினாள். கார் மணலில் சீறிக்கொண்டு வந்தது, மஞ்சளும் குங்குமமுமாக நின்ற படகில் மோதியது. பலகை இடது பக்கம் பறந்தது. கார் ஒரு கீறல் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அக்கா மீன் அரிந்துகொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இதுக்குத்தான் போட்டோ எடுத்தியா?"

"ஆமாக்கா. விளையாட்டுத்தானே."

"நல்லாத்தான் கீது" என்றாள். திரும்பிப்போய் அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு வேலை இருக்கிறது என்று சொல்லி ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பாடு கூட்டத்துக்கும் சித்தப்பா மகனைப் போகச் சொல்லிவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் அடித்த புயலில் நிஜப் படகு உருண்டு, கரையில் இருந்த கல்லில் மோதிப் பிளந்தது. பலகைகளில் பாதி ஏரியோடு போயிற்று, மீதி ஊரில் அடுப்புக்குப் போயிற்று. விஷயம் கேட்டு ஓடினேன். அக்கா அழவில்லை. விளையாட்டில் வந்த படகைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது கார்த்திகா எனக்கு அனுப்பிய ஒரு மெசேஜுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. பழைய கார் ஒப்பந்தங்கள் முடிந்து, அந்தக் கார்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிய கார்களைப் போடுகிறோம் என்று எழுதியிருந்தாள். "சார், ஏரிப் பாதையில ஒரு படகு இருக்கு. அனுமதி உங்க பேர்ல இருக்கு, கால வரம்பு இல்லை. அடுத்த கேமுக்கும் யூஸ் பண்ணிக்கலாமா? உடைக்கறதுக்கு நல்லா இருக்கு."

உடைக்கறதுக்கு நல்லா இருக்கு. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, தாளில் இருந்தது என் பெயர். கார்களெல்லாம் தேதி முடிந்து கௌரவமாக ஒதுங்கிவிட்டன. எல்லம்மாவின் படகு மட்டும், நான் போட்ட கையெழுத்தினால், இனி வருகிற ஒவ்வொரு விளையாட்டிலும் உடைந்துகொண்டே இருக்கப்போகிறது. இதையாவது சரி செய்துவிடலாம் என்று தோன்றியது. அப்போதே உட்கார்ந்து எழுதினேன்: அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன், படகை முழுவதுமாக அழித்துவிடவும். கீழே உரிமையாளர் சார்பில் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். கார்த்திகா மரியாதையான பெண். ஒரு கேள்வி கேட்காமல் செய்தாள். இரண்டு வாரத்தில் படகு இல்லாத புதிய பதிப்பு வெளியாகி, ஏற்கெனவே விளையாடுகிறவர்களின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. அழிப்புக் கடிதமும் வந்தது, என்னுடைய பழைய படிவத்தில்.

கடிதத்தை அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அக்கா முகத்தை நேராகப் பார்க்கப் போகிறேன் என்று நினைப்பு. அக்கா வாசலில் உட்கார்ந்து போனை வைத்துக்கொண்டு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"கஜா, வாடா. நல்ல நேரத்துல வந்த. இத்த இன்னான்னு பாரேன். படகு வரமாட்டேங்குது."

"எந்தப் படகுக்கா?"

"நம்ம படகுதான். நேத்திக்கிலேர்ந்து காணம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். படகு புயலில் போன பிறகு, செல்வியிடம் சொல்லித் தன் போனில் இந்த விளையாட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஓட்டவும் பழகிக்கொண்டிருக்கிறாள்.

"அது ஒடையுதேக்கா" என்றேன்.

"மோதுனாத்தானேடா ஒடையும்? நான் எதுக்கு மோதப் போறேன்? கிட்ட போய் பிரேக்க அமுக்கிடுவேன். மத்த வண்டிங்கள்லாம் சர்ரு சர்ருன்னு பூடும். நான் அப்டியே நிறுத்திக்கினு பாப்பேன். அவரு எழுதுனது, குங்குமம், எல்லாம் அப்டியே இருக்கும். நேரம் முடிஞ்சிதுன்னா நீ தோத்துட்டேன்னு வரும். மறுக்கா மொதல்லேர்ந்து போவேன்."

தினமும் காலை வேலை முடிந்ததும் இதுதான் அவளுக்கு. இத்தனை வருஷமாக.

நான் பையிலிருந்த கடிதத்தை எடுத்தேன். வேறு என்ன செய்ய? படித்துச் சொன்னேன். அழிக்கச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். அவள் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் போனை மடியில் வைத்துவிட்டாள்.

"அன்னிக்குக் கழுவி வெச்சி எடுத்தீங்களே, அந்தப் போட்டோ? அதுல ஒண்ணாச்சும் இருக்குமேடா?"

அந்தப் போட்டோக்களில் ஒன்றைக்கூட நான் அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. அவள் எதிரிலேயே கார்த்திகாவைக் கூப்பிட்டேன். "சோர்ஸ் போட்டோ, பேக்கப் எல்லாத்தையும் சேத்து அழிச்சுட்டோம் சார். உங்க ஃபார்ம்ல அப்படித்தானே இருக்கு?" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஸ்பீக்கரில் இருந்ததால் அக்காவுக்கும் கேட்டது.

அக்கா மறுபடி போனை எடுத்துப் பாதையைத் திறந்தாள். மற்றக் கார்களைப் போக விட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், சரியாக அந்த இடத்தில் பிரேக்கை அழுத்தினாள். மணல் இருந்தது. பின்னால் ஏரி இருந்தது. பூநாரைகள் எழுந்து பறந்தன. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதாடா, கஜா?"